நூல் நாயகத்தின் புதுத் தரை

மலாக்காவில் காஜா பேராங் என்று ஒரு தெரு. மலாயில் அதற்குக் கோபக்கார யானை என்று அர்த்தம். அந்த யானை எப்போது வந்தது, எதற்குக் கோபித்துக்கொண்டது, யார் சமாதானம் சொல்லி அனுப்பினார்கள் என்பதெல்லாம் தெருவில் யாருக்கும் தெரியாது. ஆனால் 1957-ஆம் வருஷம் அந்தத் தெருவில் யானைக்கு அடுத்த பெரிய உருவம் யார் என்று கேட்டால் எல்லோரும் பால்காரக் கலியாணசுந்தரத்தைக் கைகாட்டுவார்கள். நூற்றெழுபத்தெட்டு ராத்தல். வாய்க்கு வந்த கணக்கு இல்லை. பழைய இரும்புக் கடைத் தராசில் ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றிப் பார்த்த எடை. பார்த்தவர் தெய்வநாயகம்.

தெய்வநாயகம் வைத்தியரும் இல்லை, குஸ்தி வாத்தியாரும் இல்லை. கார் மெக்கானிக். அதிலும் கோணிக்கொண்ட கார் சக்கரத்தை நேராக்குவதில் மன்னன். சக்கரம் பார்க்க மனுஷன் எடை எதற்கு என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். அவர் பொறுமையாகச் சொல்வார். காலிக் காரில் சக்கரம் ஒரு மாதிரி நிற்கும். ஓட்டுகிறவர் ஏறி உட்கார்ந்தால் ஸ்பிரிங் அமுங்கி வேறு மாதிரி நிற்கும். ஓட்டுகிறவர் இல்லாமல் கார் எங்கேயும் போகப்போவதில்லை. ஆகவே அவர் எடைக்குச் சமமாக ஓர் ஆளை உட்கார வைத்துத்தான் அளக்க வேண்டும். கார் வைத்திருக்கும் பெரிய மனிதர்களோ இரண்டு மணி நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கொலு பொம்மை மாதிரி உட்காரமாட்டார்கள். தெருக்காரர்கள் உட்காருவார்கள். சந்தோஷமாக உட்காருவார்கள்.

அப்படித்தான் தோசைக்கடை பாக்கியம் மூன்று வருஷமாக ஒரு பள்ளிக்கூடத் தலைமையாசிரியையின் மோரிஸ் மைனருக்கு எடையாக இருந்தாள். கடையில் யாராவது இன்னொரு கரண்டி சட்னி கேட்டால், “நீங்களே ஊத்திக்குங்க, இன்னைக்கு நான் ஹெட்மிஸ்ட்ரஸ்” என்று கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். கலியாணசுந்தரத்துக்கு மூன்று உத்தியோகம். திங்கட்கிழமை பேங்கு மானேஜர், புதன்கிழமை வக்கீல், மற்ற நாளெல்லாம் பால்காரர்.

அளக்கிற கருவி? ஒரு உருண்டை தூண்டில் நூல், ஒரு தூக்குக் குண்டு, ஒரு இரும்பு அளவுகோல். காரின் இரண்டு பக்கமும் நூலை இழுத்துக் கட்டி, நூலுக்கும் சக்கர விளிம்புக்கும் உள்ள இடைவெளியை முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை அளப்பார். சக்கரம் உள்ளே பார்க்கிறதா வெளியே பார்க்கிறதா என்று நூல் சொல்லிவிடும். தலை சாய்ந்திருக்கிறதா என்று குண்டு சொல்லிவிடும். இதனால் ஊரில் அவருக்கு நூல் நாயகம் என்று பெயர். சொல்கிறவர்கள் பாதிப்பேர் மரியாதையாகச் சொன்னார்கள்.

பட்டறை ஒரு காலத்தில் கலியாணசுந்தரத்தின் அப்பாவுடைய மாட்டுக் கொட்டகை. மாடு கழுவிய தண்ணீர் ஓட வேண்டும் என்பதற்காகத் தரையை இடது பக்கம் சாக்கடையை நோக்கிச் சரித்துக் கட்டியிருந்தார்கள். மாட்டுக்கு அது வசதி. காருக்கு ஆகாது. காரை உள்ளே விட்டால் இடது பக்கம் ஒன்றேகால் அங்குலம் இறங்கி நிற்கும். தெய்வநாயகம் ஒன்றேகால் அங்குல கனத்தில் இரண்டு கட்டைப் பலகைகள் அறுத்து வைத்திருந்தார். கார் உள்ளே வந்ததும் இடது பக்கச் சக்கரங்கள் இரண்டுக்கும் அடியில் அவற்றைத் தள்ளுவார். கார் சமமாகிவிடும். அதன் பிறகுதான் நூல், குண்டு, கலியாணசுந்தரம் எல்லாம்.

ஏழு வருஷம் இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அந்த வருஷம் ஜூன் மாதம் டவுனில் ஒரு பெரிய பட்டறைக்காரர் சீமையிலிருந்து மெஷின் ஒன்று இறக்கினார். கண்ணாடி, விளக்கு, முள், எல்லாம் வைத்தது. கார் அதன் மேல் ஏறினால் போதும், முள் ஆடிச் சொல்லிவிடும். யாரும் யாருக்கும் எடையாக உட்கார வேண்டாம். பேங்கு மானேஜர் போனார். வக்கீல் போனார். தலைமையாசிரியை போன அன்று பாக்கியம் தோசைக்கல்லில் தண்ணீரைத் தெளித்த வேகத்தில் தெருவே சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தது.

“முள்ளு ஆடுதாம்ல, முள்ளு. என்னைய விடவா அது நல்லா உக்காரும்?”

அந்தச் சமயத்தில்தான் சிங்கப்பூரிலிருந்து கடிதம் வந்தது. முன்பு பட்டாளத்துப் பட்டறையில் வேலை பார்த்தபோது தெய்வநாயகத்துக்கு மேலே இருந்தவர் அங்கே ஒரு பெரிய கார்ப் பட்டறையில் சேர்ந்திருந்தார். நீயும் வந்துவிடு, குடும்பத்துக்கு வீடு தருவார்கள், ஆகஸ்ட் கடைசிக்குள் பதில் போடு என்று எழுதியிருந்தார். அதைப் படித்துக் காட்டியவள் அவர் மனைவி அலமேலு. தெருவில் யாருக்குக் கடிதம் வந்தாலும் படிப்பது அவள்தான், பதில் எழுதுவதும் அவள்தான். தையல் மெஷினுக்குப் பக்கத்தில் மைக்கூடும் பேனாவும் எப்போதும் இருக்கும்.

“என்ன செய்யலாம்?” என்றார்.

“நீங்கதான் சொல்லணும்” என்றாள் அலமேலு, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே. அவளுக்குப் போக விருப்பமில்லை என்று அந்த ஊசிக்குக்கூடத் தெரிந்திருக்கும். அவருக்குத் தெரியவில்லை. கார் சக்கரத்தில் நூலிழைக் கோணலையும் கண்டுபிடிக்கிற மனுஷனுக்கு வீட்டுக்குள் கண் அவ்வளவாகத் தெரியாது.

ஆகஸ்ட் இரண்டாம் வாரம் டாக்டர் மாணிக்கவாசகம் வந்தார். வந்தார் என்பதைவிட, சத்தம் முதலில் வந்தது, பிறகு கார், அதற்குப் பிறகு டாக்டர் என்று சொல்ல வேண்டும். பச்சை நிற ஜாகுவார். இரண்டு பேர் மட்டும் உட்காரலாம், மூன்றாவது ஆள் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. சுதந்திரம் வருகிறதென்று மூட்டை கட்டிய தோட்டத்துத் துரை ஒருவரிடம் வாங்கியிருந்தார். புக்கிட் ரம்பாய் பக்கம் கித்தா, அதாவது ரப்பர்த் தோட்டம் ஒன்றின் மேட்டுச் சாலையில் இருபத்தைந்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பந்தயம். ஒவ்வொரு காராக மேட்டில் ஏற வேண்டும், கடிகாரம் வைத்து நேரம் பார்ப்பார்கள். அதுவரை துரைமார்கள் மட்டுமே ஓட்டிய பந்தயம். இந்தத் தடவை டாக்டர் பெயர் கொடுத்துவிட்டார்.

“வளைவுல தெப்பம் மாதிரி ஆடுது நாயகம். முன்பக்கத்தை இறக்கணும், பின்பக்கத்தை விறைப்பாக்கணும், சக்கரத்தையும் பார்த்துடுங்க. முடியுமா?”

“டவுன்ல மெஷின் இருக்கே டாக்டர்.”

“மெஷினுக்குக் கார் தெரியும். நான் உட்கார்ந்தா கார் என்ன ஆகும்னு அதுக்குத் தெரியுமா? உங்களுக்குத்தான் ஊர் எடை தெரியும்.”

தெய்வநாயகத்துக்கு அந்த நொடியில் காது சூடாகிவிட்டது. டாக்டரை இரும்புக் கடைத் தராசில் ஏற்றினார்கள். நூற்றெழுபத்தேழு. கலியாணசுந்தரம் ஒரு ராத்தல்தான் கூட. நான்காவது உத்தியோகம் கிடைத்த மகிழ்ச்சியில் அவன் அன்று எல்லா வீட்டுக்கும் பாலை அளவுக்கு மேல் ஊற்றினான்.

அன்று மாலை தெய்வநாயகம் அலமேலுவிடம் ஒரு முடிவு சொன்னார். “இந்த ஜாகுவார் காடி மேட்டுல நேராப் போச்சுன்னா இங்கேயே இருப்போம். டவுன்ல நாலு பேர் பாப்பாங்க, வேலை வரும். கோணிக்கிட்டா சிங்கப்பூரு. அதுக்கு மேல வெக்கமில்லாம இங்க நூல் கட்டிக்கிட்டு இருக்க முடியாது.”

அலமேலு தலையை ஆட்டினாள். எந்தப் பக்கம் ஆட்டினாள் என்று அவர் கவனிக்கவில்லை.

ஜாகுவாரின் பின் ஸ்பிரிங்குக்கு இன்னொரு பட்டை வேண்டும், கனமான எண்ணெய் வேண்டும். அது சிங்கப்பூரில்தான் கிடைக்கும். அப்படியே அந்தப் பட்டறையையும் ஒரு கண் பார்த்துவிடலாம் என்று வியாழக்கிழமை பஸ் ஏறினார். கையில் பை இருந்தது. அந்தப் பையைத் தெரு வேறு மாதிரி புரிந்துகொண்டது.

“போயிட்டாரா?” என்றான் கலியாணசுந்தரம்.

“வந்துடுவாரு. ஆனா அங்க பளபளன்னு ஒரு பட்டறையைப் பாத்துட்டு வந்து, இந்த மாட்டுக் கொட்டாய்ல நிப்பாரா?” என்றாள் பாக்கியம். பிறகு தோசைக் கரண்டியோடு எதிர்ப்புறம் நடந்து தம்பிராஜா பிள்ளை வீட்டுக் கதவைத் தட்டினாள்.

தம்பிராஜா பிள்ளை மலாக்காச் செட்டி, பல தலைமுறைக்கு முன்பே வந்து மலாய் பேசப் பழகிவிட்ட தமிழ் வம்சம். அவர்கள் தெருவில் இருப்பது யாருக்கும் நினைவில்லாத காலத்திலிருந்து. வீட்டில் பேசுவது மலாய். தமிழில் அவருக்குத் தெரிந்தது ‘சாமி’, ‘அண்ணே’, ‘தோசை’ என்ற மூன்று வார்த்தைகள். இவற்றை வைத்துக்கொண்டே காஜா பேராங்கில் எந்தச் சிரமமும் இல்லாமல் காலம் தள்ளிக்கொண்டிருந்தார். தொழில், சிமெண்டு பூசுவது. அவர் பூசிய தரையில் கோலிக்குண்டை வைத்தால் அது எந்தப் பக்கமும் உருளாமல் வைத்த இடத்திலேயே நிற்கும். தெய்வநாயகத்தின் தூக்குக் குண்டுகூட அவர் கொடுத்ததுதான்.

பாக்கியம் விஷயத்தைச் சொன்னதும், பாதி கட்டின ஒரு சுவர் வேலையில் மிச்சமாகி வீட்டுக்குப் பின்னால் கிடந்த சிமெண்டை அவர் ஒரு பார்வை பார்த்தார். “போலே” என்றார். செய்யலாம் என்று அர்த்தம்.

தெய்வநாயகம் திங்கட்கிழமை மத்தியானம் திரும்பி வந்தபோது பட்டறை வாசலில் எல்லோரும் வரிசையாக நின்றார்கள். யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துப் பையைக் கீழே போட்டுவிட்டார்.

“செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாங்க தம்பி” என்றாள் பாக்கியம்.

உள்ளே செங்காவி பூசிய சிமெண்டுத் தரை. ஈரச் சாக்குப் போட்டு மூன்று நாள் ஆற வைத்து அன்று காலையில்தான் எடுத்திருந்தார்கள். கொட்டகைக் கூரையின் தகரத்து ஓட்டைகள் எல்லாம் தரையில் வட்ட வட்டமாகத் தெரிந்தன. தம்பிராஜா பிள்ளை ஒரு மூலையில் குத்தவைத்து, தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாதது போலக் கரணையைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

“சிங்கப்பூருல இப்புடித் தரை இருக்கா?” என்று கேட்டான் கலியாணசுந்தரம்.

தெய்வநாயகம் குனிந்து தரையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று வெளியே போனார். கழுவித் துடைத்த புதுத் தரையில் தூசி ஏது என்று யாரும் கேட்கவில்லை. தெருவில் அன்றைக்கு எல்லோருக்குமே கொஞ்சம் நல்ல குணம் வந்திருந்தது.

செவ்வாயும் புதனும் வேலை ஓடியது. ஜாகுவாரின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் கிடையாது. ஈரத் துணியைப் பிழிகிற மாதிரி முறுகி நின்று பாரத்தைத் தாங்கும் நீளமான எஃகுக் கம்பி இரண்டு உண்டு. அவற்றைக் கழற்றி, ஒரு பல் தள்ளி மாட்டி, முன்பக்கத்தை ஓர் அங்குலம் இறக்கினார். பின் ஸ்பிரிங்கில் புதுப் பட்டையைச் சேர்த்தார். பின்பக்க ஷாக் அப்சார்பரில் பழைய எண்ணெயை வடித்துவிட்டுக் கனமான எண்ணெயை விட்டார். கையால் அழுத்தினால் முன்பு மூன்று தடவை ஆடிய கார் இப்போது ஒரே தடவை அமுங்கி எழுந்து, ‘என்ன?’ என்று கேட்பது போல நின்றது.

வியாழக்கிழமை சக்கரம் பார்க்கிற நாள். காரைத் தள்ளி உள்ளே விட்டார்கள். தெய்வநாயகம் புதுத் தரையில் கீறல் விழாமல் பக்குவமாகத் தள்ளச் சொல்லிக்கொண்டே, வலது காலால் ஒரு பலகையும் இடது காலால் ஒரு பலகையும் நகர்த்தி, இடது பக்கச் சக்கரங்களை அவற்றின் மேல் ஏற்றினார். ஏழு வருஷமாகச் செய்வது. மூக்கு அரித்தால் சொறிகிற மாதிரி. அதற்கெல்லாம் யாரும் மூளையைக் கூப்பிட்டுக் கேட்பதில்லை.

கலியாணசுந்தரம் குளித்துவிட்டு, சட்டை போட்டுக்கொண்டு வந்து டாக்டராக உட்கார்ந்தான்.

நூல் கட்டினார். குண்டைத் தொங்கவிட்டார். பார்த்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “என்ன கலியாணம் இது, இடது சக்கரம் தலையை உள்ள சாய்ச்சுக்கிட்டு நிக்குது, வலது சக்கரம் வெளிய சாஞ்சு நிக்குது. இத்தனை கோணலோட ஓட்டியிருக்கானே அந்தத் துரை.”

“அதான் ஊருக்குப் போயிட்டான்” என்றான் கலியாணசுந்தரம், டாக்டர் பேசுவது போலக் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு.

சாய்மானத்தைச் சரிசெய்ய, சக்கரத்தைத் தாங்கும் கைக்குப் பின்னால் மெல்லிய தகடுகள் உண்டு. இந்தப் பக்கம் இரண்டை எடுத்தார், அந்தப் பக்கம் இரண்டைச் செருகினார். பொழுது சாய்வதற்குள் குண்டும் சக்கரமும் அண்ணன் தம்பி மாதிரி ஒட்டி நின்றன.

வெள்ளிக்கிழமை காலையில் டாக்டரும் தெய்வநாயகமும் குருபோங் போகிற நேர்ச் சாலையில் ஓட்டிப் பார்க்கப் போனார்கள். மணிக்கு அறுபது மைல். டாக்டர் சிரித்துக்கொண்டே, “நூலைப் பார்ப்போமா?” என்று கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்தார்.

கார் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. இடது பக்கம் திரும்பி, சாலையை விட்டு இறங்கி, ஒரு மரவள்ளித் தோட்டத்துக்குள் புகுந்து, ஏழெட்டுச் செடிகளைப் படுக்க வைத்துவிட்டு நின்றது. ஒரு கோழி டாக்டர் மடியில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனது. தோட்டக்கார மலாய் அம்மாள் கத்தியோடு ஓடி வந்தாள். வந்தது டாக்டர் என்று தெரிந்ததும் கத்தியை வைத்துவிட்டு முழங்கால் வலியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள்.

முழங்காலைப் பார்த்து முடித்துவிட்டு டாக்டர் மெதுவாகச் சொன்னார். “நாயகம், கம்யூனிஸ்டு வேட்டை நடக்கிற நேரத்துல காரெல்லாம் இடது பக்கம் சாயக்கூடாது. போலீஸ் பிடிச்சுட்டுப் போயிடும்.”

தெய்வநாயகத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

“நாளைச் சாயங்காலம் வரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும். அதுக்குள்ள சரியாகலைன்னா நான் பேரைத் திரும்ப வாங்கிக்கிறேன். தப்பா நினைக்காதீங்க. அந்த மேட்டுல ஒரு பக்கம் பள்ளம். எனக்கு ரெண்டு பிள்ளைங்க.”

அன்று சாயங்காலம் தெய்வநாயகம் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அலமேலு சோற்றை மூடி வைத்தாள். சிறிது நேரம் கழித்து, “அந்தச் சிங்கப்பூர் அட்ரஸ் எங்க வச்சீங்க?” என்று கேட்டாள். அவர் சுவரைப் பார்த்தபடியே சட்டைப் பையைக் காட்டினார். பேனா கீறுகிற சத்தம் கேட்டது. சரி, இவளும் முடிவு கட்டிவிட்டாள் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

சனிக்கிழமை காலை மூன்று தடவை அளந்தார். மூன்று தடவையும் நூலும் குண்டும் ‘எல்லாம் சரி’ என்றன. செய்தி தெருவில் பரவி, விசாரணை ஆரம்பமானது. முதல் குற்றவாளி கலியாணசுந்தரம்.

“நாலு நாளா என் கடையில பத்துப் பத்து தோசையா தின்றான். எடை ஏறாம என்ன செய்யும்?” என்றாள் பாக்கியம்.

“அக்கா, டாக்டர் எடையைக் காப்பாத்தத்தான் தின்னேன்.”

அவனை ஊர்வலமாக இரும்புக் கடைக்குக் கூட்டிப்போனார்கள். நூற்றெழுபத்தெட்டு. அரை ராத்தல்கூட ஏறவில்லை. அவன் மானம் காத்த வீரனாகத் திரும்பி வந்து, மறுபடியும் காரில் ஏறி, யாரையும் பார்க்காமல் நேராக உட்கார்ந்துகொண்டான்.

மூன்று மணிக்கு மழை பிடித்தது. மலாக்கா மழை தூறிக்கொண்டெல்லாம் வராது. மேலே யாரோ தொட்டியைக் கவிழ்க்கிற மாதிரிதான் வரும். கொட்டகைக்குப் பக்கச் சுவர் கிடையாது. சாரலும் கூரை ஒழுக்குமாகத் தண்ணீர் உள்ளே வந்தது. தெய்வநாயகம் கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்கார்ந்து, தண்ணீர் வருவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அப்போது பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லை.

வழக்கமாக உள்ளே வருகிற தண்ணீர் ஒரு நிமிஷம்கூட நிற்காது. மாடு இருந்த காலத்து ஞாபகத்தில் நேராகச் சாக்கடைக்கு ஓடிவிடும். இன்று ஓடவில்லை. தரை முழுக்க மெல்லப் பரவி, மூலைக்கு மூலை ஒரே மட்டத்தில், தட்டில் ஊற்றிய பாயசம் மாதிரி அசையாமல் நின்றது. ஜாகுவாரின் வலது பக்கச் சக்கரங்கள் தண்ணீரில் நின்றன. இடது பக்கச் சக்கரங்கள் மட்டும், பாவாடையைத் தூக்கிப் பிடித்த மாதிரி, பலகைகளின் மேல் நனையாமல் நின்றன.

தெய்வநாயகம் பலகையைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். மறுபடியும் பலகையைப் பார்த்தார்.

தரை சமம். தம்பிராஜா பிள்ளை மாட்டுக்காகப் பூசவில்லை. கோலிக்குண்டு உருளாத மாதிரி பூசியிருக்கிறார். சமமான தரையில் நின்ற காரை இவர் ஒரு பக்கம் தூக்கி வைத்து, அந்தச் சாய்மானத்தைச் சக்கரத்தின் கோணல் என்று நினைத்து, நல்ல சக்கரத்தைக் கெடுத்திருக்கிறார். போயும் போயும் அந்தத் துரையை வேறு திட்டியிருக்கிறார்.

அவருக்கு முதலில் வந்தது சிரிப்பு. வாயைப் பொத்திக்கொண்டார். ஏனென்றால் பாக்கியம் வாசலில் ஒதுங்கி நின்றுகொண்டிருந்தாள். நீங்கள் ஆசையாகப் போட்டுக் கொடுத்த தரையால்தான் கார் மரவள்ளிக்குள் போனது என்று சொன்னால் அவள் மூஞ்சி எப்படிப் போகும் என்று ஒரு கணம் நினைத்துப் பார்த்தார். சொல்லப்போவதில்லை என்று அந்தக் கணத்திலேயே முடிவாகிவிட்டது.

“பாக்கியக்கா, கடையில ஏதோ கருகுற வாசனை வருது.”

அவள் மழையிலேயே ஓடினாள். அவர் ஜாக்கியைப் போட்டுத் தூக்கி, இரண்டு பலகைகளையும் உருவினார். கார் இடது பக்கம் இறங்கியது.

“என்னண்ணே, ஒரு பக்கம் எறங்குது?” என்றான் உள்ளே இருந்த கலியாணசுந்தரம்.

“நீ மூச்சு விட்டிருப்ப. ஆடாம உக்காரு.”

அந்தப் பக்கம் செருகிய தகடுகளை எடுத்து இந்தப் பக்கம் செருகினார். குண்டைத் தொங்கவிட்டார். நூலை மறுபடி கட்டினார். பலகைகளை ஒடித்துப் போட்டுவிட்டார்.

ஆறு மணிக்கு டாக்டர் வந்தார். “நூல் என்ன சொல்லுது?”

“நேரா இருக்குன்னு சொல்லுது டாக்டர்.” நூலைச் சுருட்டிக்கொண்டே சொன்னார், “வியாழக்கிழமையும் அதைத்தான் சொல்லுச்சு. ஆனா வியாழக்கிழமை தப்பு நூலு மேல இல்ல, என் மேல. அந்தத் தப்பை எடுத்துட்டேன்.”

டாக்டர் அவர் முகத்தைக் காய்ச்சல்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார். “நாளைக்கு மேட்டுக்குப் போற வழியில கையை விட்டுப் பார்ப்பேன். இழுத்தா அப்படியே வீட்டுக்குத் திரும்பிடுவேன். சரியா?”

“சரிங்க.”

ஞாயிற்றுக்கிழமை தெரு முழுக்க ஒரு லாரியில் ஏறி புக்கிட் ரம்பாய்க்குப் போனது. பாக்கியம் ஒரு கூடை இட்லியோடு வந்தாள். தம்பிராஜா பிள்ளை இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். அலமேலு புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். மேட்டின் மூன்றாவது வளைவில், ரப்பர் மரங்களுக்கு நடுவே இடம் பிடித்தார்கள். கீழே கார்கள் வரிசையாக நின்றன. பச்சைக் கார் இல்லை.

ஒன்பதரை ஆனது. பத்து ஆனது. பாக்கியம் இட்லிக் கூடையைத் திறக்கவில்லை. தெய்வநாயகம் ஒரு ரப்பர்க் காயைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். சிங்கப்பூரில் பார்த்த அந்தப் பட்டறை அவர் நினைவில் வந்தது. பெரிய இடம்தான். உள்ளே நாற்பது பேர் வேலை செய்தார்கள். ஒருவன் இன்னொருவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு அவர் கேட்கவில்லை.

பத்தே காலுக்குச் சத்தம் முதலில் வந்தது. பிறகு கார். பிறகு டாக்டர்.

“நான், டாக்டரு, வந்துட்டேன்” என்றான் கலியாணசுந்தரம், சட்டைக் காலரை நிமிர்த்திக்கொண்டு.

ஆறு துரைமார்கள் ஏறிப் போனார்கள். ஏழாவது டாக்டர். தெய்வநாயகம் காரைப் பார்க்கவில்லை, டாக்டரையும் பார்க்கவில்லை. முன் சக்கரங்கள் இரண்டையும் மட்டும் பார்த்தார். வளைவில் கார் உள்ளே வந்தது. தெப்பம் ஆடவில்லை. பின்பக்கம் ஒரு தடவை அமுங்கி, எழுந்து, நின்றுகொண்டது. நான்கு சக்கரமும் தார்ச் சாலையை ஜப்திக்காரன் மாதிரிப் பிடித்துக்கொண்டன. டயர் கிறீச்சிடவில்லை, இழுத்துத் தைத்த துணி கிழிகிற மாதிரி ஒரே சீரான சத்தம். கார் வளைவை விட்டு வெளியே போய் மேலே நேர்ச் சாலையில் ஏறி, கொடி அசைத்த இடத்தைத் தாண்டியது. தாண்டிய பிறகு டாக்டர் இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துத் தலைக்கு மேலே தூக்கினார். கார் நேராகப் போனது. போய்க்கொண்டே இருந்தது. தெய்வநாயகம் மூச்சு விட்டது அதற்குப் பிறகுதான்.

பதினொரு காரில் மூன்றாவது இடம். ஆனால் காஜா பேராங் கூட்டம் போட்ட ஆர்ப்பாட்டத்தைப் பார்த்து, முதலில் வந்த துரையே தான் தோற்றுவிட்டதாக நினைத்திருப்பார். டாக்டர் நேராக இவர்களிடம் வந்து எல்லோர் முன்னாலும் கேட்டார்.

“இப்பவாவது சொல்லுங்க. வெள்ளிக்கிழமை என்னதான் தப்பு?”

“நான் அளந்ததுல ஒரு சின்னப் பிசகு டாக்டர்” என்றார் தெய்வநாயகம். “தூக்கக் கலக்கம்.”

எல்லோரும் இட்லிக்குத் திரும்பினார்கள். தம்பிராஜா பிள்ளை மட்டும் திரும்பவில்லை. அவர் நேற்று மழை விட்ட பிறகு பட்டறையைத் தாண்டிப் போயிருந்தார். தரையில் தண்ணீர் நின்றதைப் பார்த்திருந்தார். சாக்கடை ஓரம் ஒடித்துப் போட்டிருந்த பலகைகளையும் பார்த்திருந்தார். பக்கத்தில் வந்து நின்று, தாழ்ந்த குரலில் மலாயில், ஒரு ஓரமாக உடைத்துச் சரிவு எடுத்துத் தரட்டுமா என்று கேட்டார்.

“வேண்டாம் அண்ணே” என்றார் தெய்வநாயகம், மலாயில். “ஊர்ல அத்தனை சமமா ஒரு தரை கிடையாது. இனிமே எனக்குப் பலகையே வேண்டாம்.”

தம்பிராஜா பிள்ளை நெடுநேரம் யோசித்துவிட்டு, தன் கையிருப்புத் தமிழிலிருந்து ஒரு வார்த்தையை எடுத்தார். “தோசை” என்றார், பாக்கியத்தின் கூடையைக் காட்டி. அது இட்லி. ஆனால் அவர் இரண்டை எடுத்து ஒன்றை தெய்வநாயகத்தின் கையில் வைத்த விதத்தில் வேறு எந்த வார்த்தையும் தேவைப்படவில்லை.

திரும்பும்போது லாரியில் பாதிப்பேர் தூங்கிவிட்டார்கள். கூட்டத்தில் மூன்று பேர் வந்து பட்டறை எங்கே இருக்கிறதென்று விசாரித்துவிட்டுப் போயிருந்தார்கள். தெய்வநாயகம் அலமேலு பக்கம் சாய்ந்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

“சிங்கப்பூருக்கு அந்தக் கடிதாசி போட்டுட்டியா? போட்டிருந்தா, வரலன்னு இன்னொன்னு எழுதணும்.”

“எதுக்கு இன்னொன்னு? வரலன்னுதான் எழுதினேன்.”

“எப்ப?”

“வெள்ளிக்கிழமை. நீங்க சோறு தின்னாம படுத்திருந்தீங்களே, அப்ப.”

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. “காடி மரவள்ளியில போய் நின்ன அன்னைக்கா? கோணிக்கிட்டா சிங்கப்பூருன்னு நான் சொன்னேன்ல?”

“நீங்க சொன்னீங்க. நான் சரின்னா சொன்னேன்?” அலமேலு முந்தானையை இழுத்துக் காற்றுக்குச் செருகிக்கொண்டாள். “நம்ம தெருவுல ஒரு பால்காரன் உங்களுக்காக டாக்டரா உக்காந்திருக்கான். சிங்கப்பூருல எவன் உக்காருவான்?”

தெய்வநாயகம் அவளைப் பார்த்தார். நூலும் குண்டும் இல்லாமல் அவளை அவர் இவ்வளவு நேரம் பார்த்தது அதுதான் முதல் தடவை. என்னவோ சொல்ல வாயெடுத்தார். அந்த நேரம் பார்த்து லாரி ஒரு குழியில் இறங்கி ஏறியது. அவர் தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தார்.

“என்ன?” என்றாள் அலமேலு.

“இந்த லாரிக்கு முன் சக்கரம் ரெண்டும் வெளிய பாக்குது.”

எழுந்து, தூங்குகிறவர்களின் கால்களைத் தாண்டிப் போய், டிரைவர் தலைக்கு மேலே தகரத்தைத் தட்டினார். “தம்பி, நாளைக்குக் காலையில பட்டறைக்குக் கொண்டா. உன் எடை எவ்வளவு?”